440 கிலோவுக்கும் 1,000 கிலோவுக்கும் இடையில்: நான்கு பாரமற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள்

இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் குடியிருக்கும் என் அத்தை மகன், ஐம்பது வயதை எட்டும் இந்த ஆண்டிலாவது தனக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிடுவதென்று முடிவெடுத்து, நான்கு பெயர்களை எழுதி அனுப்பி, "எதை எடுக்கலாம், மச்சான்?" என்று கேட்டிருந்தார். கேட்டர்ஹாம் செவன் 170, லோட்டஸ் எலீஸ், ஏரியல் ஆட்டம் 4, மஸ்டா எம்எக்ஸ்-5 என்பனவே அந்த நான்கும். இவற்றுள் முதல் மூன்றும் இங்கிலாந்தின் சிறு நிறுவனங்கள் கைவேலையாகச் செய்தவை. நான்காவது யப்பானின் பெருந்தொழிற்சாலையில் உருவாவது. ஓட்டுவதற்காகவே ஓட்டுகின்றவர்களுக்கென்று செய்யப்பட்டவை என்பதும், பாரத்தைக் குறைப்பதையே முதல் வேலையாகக் கொண்டவை என்பதும்தான் நான்குக்கும் பொது.

பாரம் குறைந்த வாகனத்தின் அருமையை யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில், மொறிஸ் மைனரின் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயங்கச் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய தலைமுறையின் பிள்ளை நான். பருத்தித்துறைக்குத் தனியே போய்வர வேண்டிய நாட்களில், என் தகப்பனார் பின்னிருக்கையையும் மேலதிகச் சில்லையும் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டுத்தான் புறப்படுவார். மிச்சமாகும் மண்ணெண்ணெய்க்காகவே அவர் அப்படிச் செய்தார். ஆயினும் அன்றைக்குக் கார் வளைவுகளில் இலேசாகத் திரும்புகிறது என்று வீட்டுக்கு வந்து ஒவ்வொரு முறையும் சொல்லுவார். லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கொலின் சப்மன் ஒரு வாழ்நாள் முழுவதும் செய்துகாட்டியதும் அதைத்தான்.

ஒரு காரின் பாரம் குறையும்போது அதன் பயன் ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. நிறுத்துவதற்குக் குறைந்த சக்தியே செலவாவதால் பிறேக் தட்டு சிறியதாகலாம்; சில்லும் ரயரும் ஒடுங்கலாம்; அவற்றைத் தாங்கும் சுருள்வில்லும் சில்லை உடலோடு இணைக்கும் கைகளும் மெலியலாம்; இவை எல்லாம் மெலிந்த பிறகு எஞ்சினும் சிறிதாகலாம். இதன் மறுபுறமும் உண்மை. 440 கிலோ காரொன்றில் 80 கிலோ எடையுள்ள இருவர் ஏறியமர்ந்தால் அதன் எடை மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடிவிடும் என்பதால், தனியே ஓட்டும்போது ஒரு காராகவும், மனைவியுடன் போகும்போது இன்னொரு காராகவும் அது நடந்துகொள்ளும். காற்றும் பாரத்தைப் பார்ப்பதில்லை. திறந்த உடலும் வெளியே துருத்தும் சில்லுகளும் கொண்ட கார்கள் வேகம் கூடக் கூடத் தாம் மிச்சம் பிடித்ததை எல்லாம் காற்றுக்கே கொடுத்துவிடுகின்றன.

கேட்டர்ஹாம் செவனின் பூர்வீகம் 1957இல் சப்மன் வெளியிட்ட லோட்டஸ் செவன். இரும்புக் குழாய்களை ஒட்டவைத்துக் கட்டிய கூடும், அதன்மேல் அலுமினியத் தகடும், முன்னால் எஞ்சினும், பின்னால் இயங்கும் சில்லுகளுமே அதன் முழு உடைமை. தொடக்க கால வகைகளுள் ஒன்றில் 948 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. எங்கள் ஊர்க் கராஜ்களில் இன்றும் கழற்றிப் பூட்டப்படும் மொறிஸ் மைனர் 1000இன் எஞ்சினும் அதுவே. அக்காலத்தில் பாகங்களாக வாங்கிப் பூட்டிக்கொள்ளும் கார்களுக்குப் பிரித்தானியாவில் கொள்வனவு வரி இருக்கவில்லை. பூட்டும் முறையை விளக்கும் கையேடு கொடுத்தால் அந்தச் சலுகை போய்விடும் என்பதனால், கழற்றும் முறைக்கு ஒரு கையேடு எழுதிக் கொடுத்து அதைக் கடைசியிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. எங்கள் ஊர்க்காரர் எவரேனும் அந்த நிறுவனத்தில் இருந்தாரோ என்று எண்ணத் தோன்றும். 1973இல் அந்தச் சலுகை முடிவுக்கு வந்தபோது, சறே பகுதியின் கேட்டர்ஹாம் ஊரில் இந்தக் காரை விற்றுவந்த கிரஹாம் நேர்ன் அதன் உற்பத்தி உரிமையை வாங்கிக்கொண்டார். இன்று அந்த நிறுவனம் யப்பானிய உரிமையாளர் ஒருவரின் கையில் இருந்தாலும், கார்கள் கென்ற்றிலுள்ள டார்ட்போர்ட் நகரில்தான் செய்யப்படுகின்றன. மச்சானின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம்.

170 என்ற வகை 2021இல் வெளியானது. எடை 440 கிலோ. எஞ்சின் சுசுகியின் 658 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ. வலு 84 குதிரைத்திறன். யப்பானின் கெய் எனப்படும் சிறுகார் வகைக்கு விதிக்கப்பட்ட 3.4 மீற்றர் நீளத்துக்கும் 1.48 மீற்றர் அகலத்துக்கும் உள்ளே இந்தக் கார் அடங்கிவிடுகிறது, அகலம் 1.47 மீற்றர் மட்டுமே. பின் அச்சும் சுசுகியின் சிறு வாகனங்களில் வரும் பழைய பாணி ஒற்றை அச்சுதான். இந்த எஞ்சின் குடும்பத்தின் குறியீடு ஆர்06ஏ என்று நான் வாசித்தபோது, எழுந்து முற்றத்துக்குப் போய், மாமரத்தின் கீழ் நின்ற எங்கள் வகன்-ஆர் காரின் பொனற்றைத் திறந்து பார்த்தேன். டர்போ இல்லாவிட்டாலும் குடும்பம் ஒன்றுதான். யாழ்ப்பாணத் தெருக்களில் அரிசி மூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏற்றிச் செல்லும் எவ்ரி வான்களிலும் இதே குடும்பத்து எஞ்சின்கள் ஓடுகின்றன.

சென்ற ஆண்டு திருமணமொன்றுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது, மச்சானின் நண்பர் ஒருவரின் 170இல் அரை மணி நேரம் பக்கத்தில் அமர்ந்து போனேன். கதவு என்று ஒன்றில்லை. இருக்கையில் காலை வைத்து நின்று, இரண்டு கையாலும் பக்கங்களைப் பிடித்துக்கொண்டு, குழிக்குள் இறங்குவதுபோல இறங்க வேண்டும். உட்கார்ந்ததும் வெளியே கையைத் தொங்கவிட்டால் தார் தட்டுப்படும்போல இருந்தது. முன்சில்லுகள் இரண்டும் கண்ணுக்கு நேரே வெளியில் நிற்பதால், ஒவ்வொரு பள்ளத்திலும் சில்லு இறங்கி ஏறுவதையும், ஸ்ரியறிங்கை ஒரு விரலளவு அசைத்தவுடன் மட்காட்டோடு சேர்ந்து அது திரும்புவதையும் பார்த்துக்கொண்டே போகலாம். மணிக்கு 60 கிலோமீற்றரில் போய்க்கொண்டிருந்தோம். அதன் இரட்டிப்பு வேகத்தில் போவதாகத்தான் உடம்பு சொன்னது. பின் அச்சு மேடுகளில் துள்ளியது என்பதையும் மறைக்கக் கூடாது. முதுகு வலிக்காரருக்கு இந்த வகை ஆகாது.

எலீஸ் இதற்கு நேர்மாறான புத்திசாலித்தனம். 1996இல் உற்பத்தி தொடங்கிய முதல் தொகுதியின் எடை 725 கிலோ. இரும்புக் குழாய்களுக்குப் பதிலாக, அச்சில் பிழிந்தெடுத்த அலுமினியத் துண்டுகளை எப்பொக்சிப் பசையால் ஒட்டிச் செய்த அதன் அடிச்சட்டம் வெறும் 68 கிலோ. முதல் கார்களில் பிறேக் தட்டுகள்கூட அலுமினியக் கலவையாக இருந்து, சில ஆண்டுகளில் வார்ப்பிரும்புக்கு மாறின. எஞ்சின் நடுவில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதனால், பாரம் முழுவதும் காரின் மையத்தில் திரண்டு, அது தன் அச்சிலேயே சுழல்வதுபோலத் திரும்புகிறது. இந்த நான்கிலும் பொறியியல் அழகு எதற்கு அதிகம் என்று கேட்டால் தயங்காமல் எலீஸ் என்பேன்.

அந்த அழகுக்கு விலையும் உண்டு. பசையால் ஒட்டிய சட்டம் மோதலில் கோணிவிட்டால் நிமிர்த்திப் பயன்படுத்த இயலாது, மாற்றத்தான் வேண்டும். கேட்டர்ஹாமின் குழாய்க் கூட்டையோ வெல்டிங் தெரிந்தவர் வெட்டி ஒட்டிச் சீராக்கலாம். முதல் தொகுதிகளில் இருந்த றோவர் கே-சீரிஸ் எஞ்சின், சூடேறி, எஞ்சினின் மேற்பாகத்தை அடைத்து மூடும் தலைக் காஸ்கெட்டை இழப்பதில் பெயர்பெற்றது. எனவே, எலீஸ்தான் வேண்டுமென்றால் டொயோட்டா எஞ்சின் கொண்ட பிற்கால வகைகளைத் தேடும்படி மச்சானுக்கு எழுதினேன். 2021உடன் எலீஸின் உற்பத்தியும் நின்றுபோயிற்று. சீனாவின் ஜீலி நிறுவனத்திடம் பெரும்பங்கு போன பிறகு லோட்டஸ் மின்சக்தியில் ஓடும் பெரிய ஜீப் வகையொன்றையும் செய்யத் தொடங்கியது. அது இரண்டரைத் தொன் அளவு பாரம் என்றறிந்தபோது, திண்ணையில் கிடந்த பின்னிருக்கை எனக்கு நினைவுக்கு வந்தது.

ஏரியல் ஆட்டம் பற்றி எழுதும்போதே அதன் பெயர் தமிழில் பொருத்தமாக விழுந்திருப்பதைக் குறிப்பிட வேண்டும். சொமர்செற் பகுதியின் குரூகேர்ன் என்ற சிற்றூரில், சைமன் சோண்டர்ஸ் தொடங்கிய நிறுவனம் இதைச் செய்கிறது. ஆண்டுக்கு நூறளவில்தான் வாகனங்கள் வெளிவருகின்றன, ஒவ்வொன்றையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தொழில்நுட்பவியலாளர் பூட்டுகிறார். கொவென்றி பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் வடிவமைப்பிலிருந்து பிறந்த இந்தக் காருக்கு மேலுடல் என்பதே கிடையாது. வளைந்த குழாய்கள் வெளியே தெரிய, நண்டின் ஓட்டைப்போல எலும்பு வெளியிலும் தசை உள்ளுமாக அது நிற்கும். நான்காவது வகைக்கு ஹொண்டா சிவிக் டைப்-ஆர் காரின் இரண்டு லீற்றர் டர்போ எஞ்சின், 320 குதிரைத்திறன், எடை 595 கிலோ. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைலை 2.8 செக்கனில் எட்டிவிடும்.

எனக்குள்ள தடை அந்த 2.8 செக்கனில்தான் இருக்கிறது. இந்தக் காரின் முழு வலுவையும் பொதுத் தெருவில் இரண்டு மூச்சுக்கு மேல் பயன்படுத்தவே முடியாது. மூன்றாவது மூச்சில் ஓட்டுநர் உரிமத்துக்கு ஆபத்து. பந்தயத் தடத்துக்கு மாதமொரு முறை போகின்றவருக்கு ஆட்டத்துக்கு நிகரில்லை. என் மச்சானோ ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி எழும்பும் முன்னர் ஓடிவிட்டு வர நினைக்கிறவர். முன்கண்ணாடி இல்லாத காரில், இங்கிலாந்து மழையில், தலைக்கவசத்தோடு பால் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதை நான் கற்பனை செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எம்எக்ஸ்-5 பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1989இல் வெளியாகி, 2016இல் உற்பத்தியில் பத்து இலட்சத்தைத் தாண்டிய கார் அது. கூரை, கதவு, குளிரூட்டி, சாமான் வைக்கச் சிறிது இடம் ஆகிய யாவற்றையும் வைத்துக்கொண்டு ஏறத்தாழ 1,000 கிலோவில் நிற்கிறது. ஒரு வீட்டில் ஒரு கார்தான் என்றால் இந்த அலசலே தேவையில்லை, இதை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். மச்சானின் வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு குடும்பக் கார் நிற்கிறது என்பதால்தான் கதை வேறாகிறது.

இவற்றுள் எதுவும் இங்கே வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் தளர்ந்தபோதும், வரியை நினைத்தால் விளையாட்டுக்கென்று கார் இறக்க எவருக்கும் மனம் வராது. ஆனாலும் மனத்துக்குள் ஒவ்வொன்றையும் பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைக்கு ஓட்டிப் பார்த்தேன். குடாநாட்டில் மலையில்லை, சுண்ணாம்புக்கல் சமதரைதான்; எலீஸும் ஆட்டமும் ஏங்கும் நீண்ட வளைவுகள் நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பவை கிடுகு வேலிக்கும் மதிலுக்கும் இடையே செங்கோணத்தில் திரும்பும் ஒழுங்கைகள்; அவற்றுக்கு 1.47 மீற்றர் அகலமும் 84 குதிரைத்திறனும் தாராளம். பாலத்தின் இருபுறமும் வீசும் உப்புக் காற்றில் இரும்பும் அலுமினியமும் தொடும் இடமெல்லாம் அரிக்கும் என்பதில் கேட்டர்ஹாமுக்குத்தான் அதிக கவலை. இன்னொரு இங்கிலாந்துத் தயாரிப்பான மோர்கன் கார்களையும் ஒருகணம் நினைத்துப் பார்த்தேன். அவற்றின் உடற்சட்டம் மரத்தால் ஆனது, எங்கள் ஊர்க் கறையானுக்கு அந்தச் செய்தி எட்டாமல் இருப்பதே நல்லது.

ஆகவே மச்சானுக்கு நான் எழுதிய வரிசை இதுதான்: முதலில் கேட்டர்ஹாம் 170; அது முதுகுக்கு ஒத்துவராவிட்டால் டொயோட்டா எஞ்சின் கொண்ட எலீஸ்; மனைவியும் கூட வருவேன் என்று நின்றால் எம்எக்ஸ்-5; ஆட்டம் வேண்டாம். வேகத்தில் கடைசியாக வருவதை முதலாவதாக வைத்திருக்கிறாயே என்று அவர் குறைப்பட்டார். மற்ற மூன்றின் ரயரையும் தேய்க்க இங்கிலாந்துச் சட்டம் இடம்கொடுக்காது, இதன் ரயரை முழுமையாகத் தேய்த்துப் பார்க்கலாம் என்று பதில் அனுப்பினேன். 170இன் நான்கு சில்லுகளுக்கும் ரயர் அளவு 155/65 ஆர்14. முற்றத்தில் நின்ற வகன்-ஆரின் முன்சில்லில் படிந்திருந்த செம்மண்ணைத் துணியால் துடைத்து, அதில் அச்சிட்டிருந்த அதே இலக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை டார்ட்போர்ட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.