விண்ணப்ப எண்ணைச் சரியாகச் சொன்னால் கல்லூரிக்காரர்கள்தான் என்று நம்பிவிடாதீர்கள்

18,500 ரூபாய் போச்சு. கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும்.

மதுரைப் பக்கம் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் மகளுக்கு பி.காம். சீட்டுக்காக வெப்சைட்டில் விண்ணப்பித்திருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன். "சார், அட்மிஷன் செக்‌ஷன்ல இருந்து பேசுறோம்" என்று ஆரம்பித்த அந்தப் பெண், விண்ணப்ப எண், 600க்கு 487 மதிப்பெண், முதல் பட்டதாரிச் சான்று இணைத்தது வரை மளமளவென்று ஒப்பித்தது. அந்த எண் எனக்கே மனப்பாடம் கிடையாது. பர்ஸில் மடித்து வைத்திருந்த பிரிண்ட் அவுட்டை எடுத்துப் பார்த்தேன், ஒரு இலக்கம் பிசகவில்லை. அங்கேதான் விழுந்தேன். "அஞ்சு மணிக்குள்ள கட்டிட்டா சலுகையோட சீட் கன்ஃபார்ம், இல்லேன்னா வெயிட்டிங் லிஸ்ட்தான் சார்." ஹாஸ்டலுக்கென்று சேர்த்து வைத்த 18,500 ரூபாயை, அது அனுப்பிய க்யூஆர் கோடுக்கு நின்ற இடத்திலேயே போட்டுவிட்டேன். திரையில் யாரோ ஒரு ஆள் பெயர் வந்தது. கேட்டதற்கு "அக்கவுண்டன்ட் சார் பேரு" என்றது, நானும் சரி என்றேன்!

திங்கட்கிழமை கல்லூரி ஆபீஸில், "நாங்க போன்ல பணமே கேக்க மாட்டோம்" என்று கண்ணாடியில் ஒட்டிய தாளைக் காட்டினார்கள். மேலூரில் இருப்பவனுக்கு அந்தத் தாள் எப்படித் தெரியும்? விவரமெல்லாம் எப்படி வெளியே போனது என்றால், "வெப்சைட்டை வெளிக் கம்பெனி பாக்குது, மெயில் போடுங்க." கம்பெனியோ "காலேஜ் மூலமா வாங்க" என்கிறது. 2023இல் போட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், வேலையை வெளியே கொடுத்திருந்தாலும் விவரத்தை வாங்கியவர்தான் பொறுப்பு என்று இருக்கிறது. சொன்னேன். "பிரின்சிபால் மீட்டிங்ல இருக்காங்க."

ராத்திரி அக்கா மகன் மகளின் விண்ணப்பத்தைத் திறந்து, மேலே வரும் வெப்சைட் முகவரியின் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டிப் போட்டான். வேறு ஒரு பெண்ணின் விண்ணப்பம் வந்து நின்றது, போட்டோ, ஆதார், அப்பா போன் நம்பர் எல்லாத்தோடும். பாஸ்வேர்டு கூடக் கேட்கவில்லை. வயிறு எரிகிறது, 18,500 ரூபாய்க்கு மட்டும் இல்லை.

என்னென்ன செய்யணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. போனில் யார் கேட்டாலும் கட்டாதீர்கள், கல்லூரி ஆபீஸுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போன நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள். நான் இரண்டு நாள் கழித்து அடித்தேன், அதற்குள் அந்தக் கணக்கைத் துடைத்துவிட்டார்கள். கேட்கிற இடத்தில் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் போதுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இன்று காலையும் பார்த்தேன், அந்தப் பெண்ணின் விண்ணப்பம் திறந்தேதான் கிடக்கிறது.