கேமராவா, பேனாவா?

சென்னையில் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரில் பல வருடம் சமூகப் பணி செய்தேன். இப்போது படம் எடுக்கிறேன், எழுதவும் செய்கிறேன். இந்த வழியில் வர நினைக்கும் தம்பி தங்கைகள் எதில் முதலில் இறங்கலாம் என்று கேட்கிறார்கள்.

படத்துக்கு வேகம் உண்டு. 2015 வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் நின்ற சேற்றுக் கோடு பற்றி இரண்டு பக்கம் எழுதினாலும் ஒரு படத்துக்கு ஈடாகாது.

ஆனால் படம் முகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. அதனால் கைகளையும் செருப்புகளையும் மட்டும் எடுத்துப் பழகினேன்.

எழுத்தில் பெயரை மாற்றிவிடலாம். காரணத்தையும் சொல்லலாம். ஆற்றங்கரையிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட ஒரு அக்கா, பழைய இடத்திலேயே வீட்டு வேலை பார்க்க விடியுமுன் பஸ் பிடிக்கிறார். படத்தில் அவர் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஒரு பெண், அவ்வளவுதான். இழந்தது என்ன என்பது அவர் பேசினால்தான் தெரியும், பேச வைக்க மாதங்கள் ஆகும். சமூகப் பணியாளருக்கு அந்தப் பொறுமை ஏற்கெனவே கைவந்தது.

1908 முதல் அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன்கூட வயதையும் வேலையையும் குறித்து வைத்தார். தன் சட்டைப் பொத்தானை அளவாக வைத்தே பிள்ளைகளின் உயரத்தைக் கணித்தாராம்.

சரி, என் பதில்: முதலில் நோட்டு, அப்புறம் கேமரா. படம் எடுத்தால் ஒரு பிரின்ட் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள். நான் போகும் சில வீடுகளில் சுவரில் இருக்கும் ஒரே குடும்பப் படம் அதுதான்.