காண்டாக்ட் ஃபார்ம் 7: சுங்கை சிப்புட் உணவுச் சேவைக் கடையில் இரண்டு ஆண்டுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அக்காவும் நானும் நடத்தும் உணவுச் சேவைக்கு வரும் ஆர்டர்களில் பாதிக்கு மேல் வெளியூரிலிருந்து வருபவை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து, பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று குடிபெயர்ந்தவர்கள், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கோ பெற்றோரின் மணிவிழாவுக்கோ ஊர் திரும்பும்போது சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க விரும்புகிறார்கள். வேலை முடிந்து வீடு சேர்ந்து, இரவு 11 மணிக்கு மேல் எழுதும் அவர்களுக்காகவே எங்கள் அகப்பக்கத்தில் ஒரு தொடர்புப் படிவம் வைத்தோம். அகப்பக்கம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் இயங்கும் அகப்பக்கம் என்பதால், அதனுடன் இணைக்கும் துணை மென்பொருளான காண்டாக்ட் ஃபார்ம் 7 என்னும் செருகுநிரலைத் தேர்ந்தெடுத்தோம்.

ஜப்பானைச் சேர்ந்த தக்காயுகி மியோஷி உருவாக்கிய இச்செருகுநிரலுக்குக் கட்டணம் இல்லை. படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் சதுர அடைப்புக்குள் ஒரு குறியாக எழுத வேண்டும். கட்டாயம் நிரப்ப வேண்டியதற்கு நட்சத்திரக் குறி சேர்க்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில் இது மிரட்டினாலும் ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடும். தமிழில் எழுதிய கேள்விகளும் பதில்களும் எழுத்துச் சிதைவின்றி வருகின்றன. நான் மிகவும் மதிக்கும் வசதி, நமக்கு வரும் மின்னஞ்சலின் வாசகத்தை நாமே அமைத்துக்கொள்ள முடிவதுதான். விழா நாளும் ஆள் எண்ணிக்கையும் தலைப்பு வரியிலேயே வரும்படி அமைத்திருப்பதால், அடுப்படியில் நிற்கும் அக்கா மின்னஞ்சலைத் திறக்காமலேயே அந்த நாள் காலியாக இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

ஆனால் தொடக்கத்தில் எங்களுக்கு நேர்ந்ததை எழுதாவிட்டால் இந்த மதிப்புரை நேர்மையாக இராது. அகப்பக்கத்தை அமைத்துக்கொடுத்தவர், அனுப்புநர் முகவரி என்னும் இடத்தில் படிவத்தை நிரப்புபவரின் மின்னஞ்சலையே போட்டிருந்தார். நிரப்பியவர்களுக்கு நன்றி என்ற செய்தி தெரிந்தது. எங்களுக்கோ ஒன்றும் வரவில்லை. கிள்ளானிலிருந்து வந்த ஓர் அம்மா கடை வாசலில் நின்று, “மூன்று தடவை எழுதினேன், ஒரு பதில்கூடப் போடவில்லையே தம்பி” என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் கணவரின் மணிவிழாச் சாப்பாட்டை அதற்குள் வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தார். அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

காரணம் இதுதான். அந்த நன்றிச் செய்தி, கடிதம் அகப்பக்கத்திலிருந்து அஞ்சல் அனுப்பும் கணினியிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. பெறுநரின் பெட்டியில் விழுந்ததா என்பது அதற்குத் தெரியாது. அகப்பக்கம் இயங்கும் எங்கள் வாடகைக் கணினி, ஜிமெயில் முகவரி ஒன்றின் பெயரில் கடிதம் அனுப்பும்போது, அந்தப் பெயரில் அனுப்ப அதற்கு உரிமை உண்டா என்று பெறும் இடத்தில் எஸ்.பி.எஃப் (ஒரு தளப்பெயருக்காக அனுப்ப அனுமதி பெற்ற கணினிகளின் பட்டியல்), டி.கே.ஐ.எம் (கடிதத்தில் இடும் மின் கையொப்பம்) என்னும் சோதனைகள் நடக்கின்றன. தேறாத கடிதம் ஸ்பேம் பெட்டிக்குப் போகிறது அல்லது மறுக்கப்படுகிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லாரும் இவற்றில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்துவிட்டது.

தீர்வு எளிது. அனுப்புநராக நம் சொந்தத் தளப்பெயரில் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரில்) உள்ள முகவரியைப் போட்டு, நிரப்புபவரின் முகவரியை மறுமொழி முகவரியாக வைக்க வேண்டும். அனுப்புநர் முகவரி வேறு தளப்பெயரில் இருந்தால் செருகுநிரலே எச்சரிக்கை காட்டுகிறது. அதை யாரும் கவனிக்காமல் விட்டதுதான் எங்கள் குறை. அத்துடன் டபிள்யூ.பி மெயில் எஸ்.எம்.டி.பி என்னும் இன்னொரு செருகுநிரலையும் நிறுவி, முறையான அஞ்சல் கணக்கின் வழியாகக் கடிதம் போகும்படி செய்தோம். ஜிமெயில் கணக்கைக் கடவுச்சொல் கொடுத்து இணைப்பவர்கள் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, செயலிகளுக்கென்று கூகுள் தனியாகத் தரும் 16 எழுத்துக் கடவுச்சொல் பெற வேண்டியிருக்கும். ஒரு தளப்பெயருக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகிவிடும்.

வந்த விவரங்களைக் காண்டாக்ட் ஃபார்ம் 7 தன்னிடம் சேமித்து வைப்பதில்லை. இதே ஆசிரியரின் ஃபிளமிங்கோ என்னும் இலவசச் செருகுநிரலையும் முதல் நாளிலேயே சேர்த்துவிடுங்கள். மின்னஞ்சல் தவறினாலும் எழுதியவரின் பெயரும் எண்ணும் அங்கே இருக்கும். நாங்கள் தாமதமாகச் சேர்த்ததால் பழைய கடிதங்கள் போனது போனதுதான். தானியங்கிக் குப்பைச் செய்திகள், நிரப்புவது மனிதரா என்று சோதிக்கும் கூகுளின் ரீகேப்சா இணைத்தபின் பெருமளவு குறைந்தன.

பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்குவதால் மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். விவரங்களை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லும் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தமிழிலும் நாங்கள் சேர்த்துக்கொண்டோம். ஒப்புதல் கட்டத்தில் குறியிட்ட பிறகே அனுப்பும் பொத்தான் இயங்கும்.

பார்த்துக்கொள்ள ஆளில்லாத சிறு கடைகளுக்கு நான் கூகுளின் இலவசப் படிவச் சேவையான கூகுள் ஃபார்ம்ஸையே சொல்வேன். அதன் அறிவிப்பு மின்னஞ்சலில் பதில்கள் முழுமையாக வராவிட்டாலும், எல்லாம் ஓர் அட்டவணையில் பத்திரமாக இருக்கும். சொந்த அகப்பக்கமும் அதைக் கவனிக்க ஒருவரும் உள்ள கடைக்குக் காண்டாக்ட் ஃபார்ம் 7 போதுமானது, நம்பத்தக்கது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று, ஜிமெயில் முகவரி ஒன்றும் யாஹூ முகவரி ஒன்றும் கொடுத்து நானே இரண்டு முறை படிவத்தை நிரப்புகிறேன். இரண்டும் அக்காவின் கைப்பேசிக்கு வந்த பிறகே அந்த மாதத்து நாள்குறிப்பைத் திறக்கிறோம்.