ஆனேக்கல் நாற்றுப்பண்ணையின் கலப்பினச் சவுக்கு: வேர் நன்று, பெயர்தான் இல்லை

பெங்களூரில் குடியிருந்தாலும் எங்களுக்குத் தளி அருகே கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. அதில் நடுவதற்காக, ஆனேக்கல் பக்கமுள்ள ஒரு தனியார் நாற்றுப்பண்ணையில் சென்ற ஆடியில் 600 கலப்பினச் சவுக்கு நாற்றுகளை, ஒன்று 6 ரூபாய் வீதம் வாங்கினேன். விதையில் வளர்த்த சாதாரணச் சவுக்கு பாதி விலைக்கே கிடைத்தது. ஆனால், வறட்சி தாங்கும் ஜங்ஹூனியானா இனமும் நம் கடற்கரைச் சவுக்கும் சேர்ந்த கலப்பினத்தை விதை போட்டு வளர்த்தால், ஒன்று ஓங்கி வளரும், ஒன்று குன்றி நிற்கும். தாய்மரத்தின் குணம் மாறாமல் கிடைக்கத் தண்டுத் துண்டுகளிலிருந்து வளர்ப்பதே வழி.

அந்த வேலையை இப்பண்ணையில் மிக நேர்த்தியாகச் செய்கிறார்கள். முதிர்ந்த மரத்தின் துண்டு எளிதில் வேர்விடாது என்பதால், தாய்ச்செடிகளை இடுப்புயரத்துக்கு மேல் விடாமல் கவாத்து செய்து, புதிதாக வெடிக்கும் தளிர்களை மட்டும் விரல் நீளத்துக்கு எடுக்கிறார்கள். பக்கக் கிளையில் எடுத்தால் கன்றும் சாய்ந்தே வளரும் என்று, அங்கு வேலை செய்யும் தருமபுரி அம்மா நேராக எழும் தளிரைக் காட்டி எனக்கு விளக்கினார். அடிமுனையை ஐ.பி.ஏ. வேரூக்கித் தூளில் தொட்டு, ஈரப்பதம் குறையாத பாலித்தீன் கூடாரத்தில் வைத்தால், ஏறத்தாழ மூன்று வாரத்தில் வேர் பிடிக்கிறது.

நான் ஒரு நாற்றைக் குழித்தட்டிலிருந்து உருவிப் பார்த்தேன். குழியின் உட்புற வரிகள் வழியே வேர்கள் நேராகக் கீழிறங்கியிருந்தன. பாலித்தீன் பையில் சுருண்டு வளர்ந்த வேர் பிற்காலத்தில் காற்றுக்கு மரத்தைச் சாய்த்துவிடும் என்பதால், எனக்கு இதுவே பெரிய நிறைவு.

குறைகள் இரண்டு. நிழல்வலையிலிருந்து எடுத்து வெயிலில் போதிய நாள் பழக்காமலே வண்டியில் ஏற்றிவிட்டார்கள்; முதல் மாதத்திலேயே 70 கன்றுகள் கருகின. இதைவிடப் பெரிய குறை, எந்தக் குளோன், அதாவது எந்தத் தாய்மரத்தின் துண்டுகளிலிருந்து பெருக்கிய வகை, என்று ரசீதிலும் இல்லை, தட்டிலும் இல்லை. கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் வெளியிட்ட கலப்பினம் என்று வாயால் சொன்னார்கள், அவ்வளவுதான். குளோனை வாங்குகிறவர் விலை கொடுப்பதே அதன் அடையாளத்துக்குத்தான். அதுவும் 600 கன்றும் ஒரே குளோனாக இருந்தால், ஒரு நோய் வந்தாலும் தோட்டம் முழுவதும் போகும் அபாயம் உண்டு.

கர்நாடக அரசு 2017இல் தைலமரம் புதிதாக நடுவதற்குத் தடை விதித்தது. அதனால் இப்பக்கத்தில் பலர் சவுக்கை நாடுகிறார்கள். அவர்களும் குளோன் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். வேருக்காகவே நான் மறுபடி அங்கு செல்கிறேன். வரும் ஆடிக்கு இரண்டு குளோன்கள், தட்டுக்கு ஒரு பெயர்ச்சீட்டு, மூன்று வாரம் வெயிலில் பழக்கிய நாற்று என்று எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுத்திருக்கிறேன்.