கோடு பழகிய கைக்குத் தைலவர்ணம்: மட்டக்களப்பில் ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

நில அளவைப் படவரைஞர் வேலையை விட்டு முழுநேரமாகத் தைலவர்ணத்துக்கு வந்தபின், என்னிடம் மிகவும் மெதுவாக மாறியது கோடு போடும் பழக்கமே. காணிப் படத்தில் எல்லை எங்கே முடிகிறது என்பதில் ஐயத்துக்கு இடமிருக்கக் கூடாது. அந்த ஒழுங்கோடுதான் 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டையின் மதில்களையும், பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களையும் வரையத் தொடங்கினேன். பென்சிலால் அளந்து கோடிட்டு, டர்பன்டைன் கலந்து நீர்த்த வர்ணத்தால் அவற்றின் உள்ளே நிரப்பினேன். கட்டடங்களுக்கு அந்த முறை பொருந்தியது.

வாவிக்கரைக் கண்டல் மரங்களை வரையத் தொடங்கியபோதே தைலவர்ணத்தின் உண்மையான பலம் எனக்குப் புலப்பட்டது. வேர் எங்கே முடிகிறது, அதன் நிழல் எங்கே தொடங்குகிறது என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாது. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று மெல்ல இறுகுகிறது. ஆகையால் நேற்றுப் பூசிய பச்சையை இன்றும் உலர்ந்த தூரிகையால் இழுத்து நீரின் சாம்பல் நிறத்தோடு கலக்க முடிகிறது. விரைவில் காய்ந்துவிடும் அக்ரிலிக் இந்த அவகாசத்தைத் தருவதில்லை. இப்போது கோடே போடாமல், இருளையும் ஒளியையும் பெரிய பரப்புகளாக வைத்துவிட்டு, கூர்மை வேண்டிய ஓரிரு இடங்களை மட்டும் கடைசியில் தெளிவாக்குகிறேன்.

அந்த மாற்றம்தான் என்னைக் கூத்துக் களரிக்குக் கொண்டுபோனது. வடமோடி என்ற கூத்து வகையில் அரசன் அணியும், கூடைபோல் விரிந்த கரப்புடுப்பில் பதித்த கண்ணாடித் துண்டுகள் இரவு வெளிச்சத்தில் மின்னுவதை ஒவ்வொன்றாக வரைந்தால் ஆட்டம் நின்றுவிடும். அம்பர் (umber) என்ற கபில மண் நிறத்தை மெல்லிய அடிப்பூச்சாக இட்டு, ஒளி படும் இடங்களில் மட்டும் பலெட் கத்தியால் தடிப்பாக வர்ணம் வைப்பதே எனக்குக் கைவந்த வழி. அம்பரில் உள்ள மங்கனீசு காய்வதை விரைவுபடுத்துவதால் அது அடிப்பூச்சுக்கு மிகவும் உகந்தது. எலும்புக் கரியால் செய்த கறுப்பு மிகவும் மெதுவாகக் காய்வதால் அதை அடியில் வைப்பதில்லை. கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேல் அடுக்கில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்ற பழைய விதி, தடிப்பாகப் பூசுபவருக்கு இன்னும் அவசியமானது. இந்த ஒழுங்கு மாறினால் மேற்பரப்பு வெடிக்கும்.

எங்கள் காலநிலையையும் சொல்ல வேண்டும். மாரியில், மழையும் ஈரமும் விடாத நாட்களில், காய்வது வெகுவாகத் தாமதமாகிறது, கன்வஸ் தொய்கிறது, பின்பக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. சுவரோடு சாத்தி இருட்டில் வைத்த படங்களில் எண்ணெய் மஞ்சளாகிறது. அவற்றைப் பகல் வெளிச்சத்தில் சில வாரங்கள் வைத்தால் அந்த மஞ்சள் பெரும்பாலும் குறைந்துவிடும் என்பதால் அஞ்சத் தேவையில்லை. நான் இப்போது சிறிய படங்களை எல்லாப் பக்கமும் அடிப்பூச்சு இட்ட ஒட்டுப்பலகையிலேயே வரைகிறேன். வெள்ளையில் டைட்டேனியமே என் தெரிவு. நாகம் (சிங்க்) கலந்த வெள்ளை மென்மையான தொனி தந்தாலும், நாளடைவில் படலத்தை நொறுங்கும் தன்மையுள்ளதாக்குகிறது.

வார்னிஷுக்கும் இதே கவனம் வேண்டும். மெல்லிய படங்களுக்கே ஆறு மாதமாவது பொறுக்கிறேன். கூத்துப் படங்களின் தடித்த பகுதிகளுக்கு ஒரு வருடமும் போதாமற் போகலாம். ஈரக் காற்றில் பூசினால் வார்னிஷில் வெண்மை படரும் என்பதால், கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வறண்ட ஒரு நாளைத் தெரிந்தெடுத்து, புழுதி புகாதபடி யன்னல்களைச் சாத்திவிட்டே அந்த வேலையைச் செய்கிறேன்.