வேர்டில் வரிகள் மறைகின்றனவா? ரிப்பேர், டிரைவர், ஆக்சிலரேஷன்: எதை முதலில் தொடுவது

சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் புளோக்கிலேயே தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்தும் அக்கா சென்ற மாதம் ஓர் இரவு அழைத்தார். "தம்பி, டைப் பண்ண வரி காணாமப் போகுது. மேல கீழ இழுத்தா திரும்ப வருது." தொடக்கநிலை 6 மாணவர்களுக்கான பயிற்சித்தாள் மறுநாள் காலைக்குள் தயாராக வேண்டும். அதற்குள் மூன்று பேர் அவருக்கு மூன்று வழி சொல்லியிருந்தார்கள்: ஆஃபிஸை ரிப்பேர் செய்வது, கிராஃபிக்ஸ் டிரைவரை (கிராஃபிக்ஸ் சில்லை இயக்கும் மென்பொருளை)ப் புதுப்பிப்பது, ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை அணைப்பது.

எதையும் தொடுமுன், கோளாறு தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது. அதில் எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரையிலோ கேபிளிலோதான் பிரச்சினை. அக்கா அனுப்பிய படத்திலும் வரிகள் இல்லை; ஆகவே கோளாறு கணினிக்குள்தான்.

பலரும் முதலில் ஓடுவது ரிப்பேருக்கு. குவிக் ரிப்பேர் சில நிமிடங்களில் முடியும், இணையம் தேவையில்லை. ஆன்லைன் ரிப்பேர் கிட்டத்தட்ட மறுபடி நிறுவுவது போல. இரண்டும் பழுதான ஆஃபிஸ் கோப்புகளைச் சரிசெய்யும். ஆனால் உருட்டினால் திரும்பி வரும் வரிக்குக் கோப்புப் பழுது காரணமாக இருப்பது அரிது. இதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

ஆக்சிலரேஷனை அணைப்பது அவசரத்துக்குக் கைகொடுக்கும். எழுத்தைத் திரையில் வரையும் வேலையை ஆஃபிஸ் கிராஃபிக்ஸ் சில்லிடம் கொடுக்கிறது; அணைத்தால் அந்த வேலை பிராசசருக்கு வந்துவிடும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், டிஸ்ப்ளே பகுதியில் ‘டிசேபிள் ஹார்ட்வேர் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்’ பெட்டியில் குறியிட்டு, வேர்டை மூடித் திறந்தால் போதும். வேர்டில் வேகக் குறைவு பெரும்பாலும் தெரியாது. பவர்பாயிண்ட்டில் காணொளியும் பக்க மாற்றங்களும் தடைபடலாம். சில பதிப்புகளில் இந்தப் பெட்டியே இருக்காது. அந்தப் பதிப்பு வைத்திருப்பவர்கள் நேராக டிரைவருக்குப் போகலாம்.

உண்மையான மருந்து டிரைவர்தான். ஆக்சிலரேஷனை அணைத்ததும் கோளாறு நின்றால், சந்தேகம் அதன் மேல்தான் விழ வேண்டும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரை ஒருமுறை இமைத்து டிரைவர் புதிதாகத் தொடங்கும். சில நேரம் அதுவே போதும். அண்மையில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய தொல்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் செய்து பழைய டிரைவருக்கே திரும்பலாம். மற்றபடி மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதியதை இறக்க வேண்டும். ஆனால் காலையில் வேலை இருக்கும்போது இரவில் டிரைவரில் கைவைக்காதீர்கள். அக்காவுக்கு அன்றிரவு ஆக்சிலரேஷனை அணைத்தோம். சனிக்கிழமை டிரைவரை மாற்றிவிட்டு ஆக்சிலரேஷனை மறுபடி இயக்கினோம். அப்புறம் ஒரு வரிகூட மறையவில்லை.

வெளித்திரைக்கு இழுத்ததும் எழுத்து மங்கினால் இந்த மூன்றும் உதவாது. ஆப்ஷன்ஸின் ஜெனரல் பகுதியில் ‘ஆப்டிமைஸ் ஃபார் கம்பாட்டிபிலிட்டி’யைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

தமிழ் ஆவணங்களுக்கே உரிய இன்னொன்றும் உண்டு. லதா எழுத்துருவில் செய்த பழைய தாள்கள் புதுக் கணினியில் வரி உடைந்து, அடுத்த பக்கத்துக்குத் தாவும். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்ற தனி இணைப்புக்குப் போய்விட்டன. அது இல்லாவிட்டால் வேறு எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்காரும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் வழியாக அதை நிறுவியதும், அக்கா பல வருடங்களாகச் சேர்த்த பயிற்சித்தாள்களின் வரிகள் அதனதன் பக்கத்திலேயே வந்து நின்றன.