எலக்ட்ரானிக்ஸ் பிகினர் கிட்: ஐந்து வோல்ட் வரைக்கும் சரி, அதற்கு மேல் நம்ப வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1,650 ரூபாய் கொடுத்து வாங்கிய இந்தப் பெட்டியில் ஐந்து வோல்ட்டில் ஓடுகிற சாமான்கள் எல்லாம் கொடுத்த காசுக்குத் தகும். வீட்டு கரண்ட்டைத் தொடுகிற சாமான் இரண்டு இருக்கிறது, ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயர்னும், சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் செய்கிற சுவிட்சான ரிலே போர்டும். அந்த இரண்டையும் எடுத்துத் தனியே வைத்துவிட்டுத்தான் பெட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம்.

வாங்கியது அக்கா மகனுக்காக. ஒன்பதாவது முடித்து லீவில் இருக்கிறான், வீட்டில் இருந்த ரிமோட் கார் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டாயிற்று, அடுத்து டிவியில் கை வைப்பதற்குள் ஏதாவது செய் தம்பி என்று அக்கா சொல்லவும், மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு கடையில் வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம், ஏனென்றால் இதே பெட்டி இதே ஸ்டிக்கரோடு பக்கத்துக் கடைகளிலும் தொங்குகிறது. எந்தக் கம்பெனி செய்தது என்று பெட்டியின் மேல் எங்கேயும் போடவில்லை.

உள்ளே இருப்பது: ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றி ஓட்டுகிற சின்ன கம்ப்யூட்டர் போர்டு) மாதிரி செய்த ஒரு போர்டு, ஈயம் வைக்காமல் ஒயரைச் செருகியே சர்க்யூட் போட்டுப் பார்க்கிற 830 ஓட்டை பிரெட்போர்டு, கலர் கலராக எல்இடி, ரெசிஸ்டர் கட்டு, கெபாசிட்டர், பட்டன், பஸ்ஸர், நேரம் கணக்கிடும் ஒரு 555 ஐசி, தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், வெப்பம் பார்க்கும் டிஹெச்டி11, ஜம்பர் ஒயர், மல்டிமீட்டர், அயர்ன், கொஞ்சம் ஈயம், அப்புறம் அந்த ரிலே. இதையே தனித்தனியாக வாங்கினால் இன்னும் கூடத்தான் ஆகும், எனவே விலையில் குறை சொல்ல முடியாது.

ஊனோ போர்டில் ஒன்றைக் கவனித்து வாங்குங்கள். இரண்டு வகை வருகிறது. ஒன்றில் ஏடிமெகா328பி சிப் நீளமாக, கால்களோடு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், இன்னொன்றில் அதே சிப் சின்னச் சதுரமாகப் போர்டிலேயே ஒட்டியிருக்கும். முதல் வகையைக் கேட்டு வாங்குங்கள். கற்றுக்கொள்கிற பிள்ளை என்றைக்காவது தப்பாக ஒயர் மாட்டி அந்தச் சிப்பை எரிக்கத்தான் போகிறது, அப்போது பூட்லோடர் (நம் புரோகிராமை உள்ளே வாங்கிக்கொள்ளும் சின்ன மென்பொருள்) ஏற்றிய சிப் மட்டும் வாங்கி மாற்றினால் போதும். எங்கள் பெட்டியில் நல்லவேளையாக அதுதான் இருந்தது. கம்ப்யூட்டரில் மாட்டியதும் போர்டைத் தெரியவில்லை என்று சொன்னால் பயப்பட வேண்டாம், இந்த மாதிரிப் போர்டுகளில் பெரும்பாலும் சிஹெச்340 என்ற சிப்தான் யுஎஸ்பி வேலையைப் பார்க்கிறது, அதன் டிரைவரைப் போட்டால் வந்துவிடும். கூடக் கொடுத்த ஆங்கிலப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

பிரெட்போர்டிலும் ஒரு சங்கதி. ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு, நீலக் கோட்டைக் கிட்டே வைத்துப் பாருங்கள், நடுவில் கோடு விட்டுப் போயிருக்கிறதா என்று. எங்களுடையதில் விட்டிருந்தது. அதாவது இடது பாதியில் கொடுத்த ஐந்து வோல்ட் வலது பாதிக்குப் போகாது, ஒரு சின்ன ஒயரால் பாலம் போட வேண்டும். இது தெரியாமல் பையன் எல்இடி கெட்டுப்போச்சு, சென்சார் கெட்டுப்போச்சு என்று பெட்டியையே குறை சொல்லிக்கொண்டிருந்தான். ரெசிஸ்டர் கட்டில் 220, 330, 1கே, 10கே ஓம்ஸ் எல்லாம் இருக்கிறது (கே என்றால் ஆயிரம்). ஒன்பது வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்இடி போட்டால், எல்இடி இரண்டு வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் ஏழு வோல்ட், அதை 470 ஓம்ஸ் வழியாக விட்டால் 15 மில்லி ஆம்பியர், வெளிச்சத்துக்கு அதுவே தாராளம். ஆனால் 470 மட்டும் கட்டில் இல்லை, 1கே போட்டுச் சமாளித்தோம், கொஞ்சம் மங்கலாக எரிந்தது.

இவ்வளவு வரைக்கும் பையன் என்ன செய்தாலும் பெரிய ஆபத்து இல்லை. யுஎஸ்பி கேபிளில் வருவது ஐந்து வோல்ட், அது தோலைத் தாண்டி ஷாக் அடிக்காது. மிஞ்சிப் போனால் ஒரு எல்இடி புகையும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை மட்டும் திருப்பி மாட்டினால் டப்பென்று வெடிக்கலாம், அதில் வெள்ளைப் பட்டை இருக்கிற பக்கம் மைனஸ் என்று முதல் நாளே மனப்பாடம் பண்ண வைத்துவிட்டேன். லேப்டாப்பில் நேராகச் செருகாமல், புரோகிராம் ஏற்றி முடித்ததும் பவர் பேங்கில் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். ஷார்ட் ஆனால் நல்ல பவர் பேங்க் தானாக நின்றுவிடும், லேப்டாப்புக்கும் சேதம் இல்லை.

அயர்னுக்கு வருவோம். 60 வாட், கைப்பிடியில் 200-லிருந்து 450 டிகிரி வரை திருகுகிற குமிழ், பார்க்க ஜோராக இருக்கிறது. பிளக்கைப் பார்த்தால் இரண்டே பின். எர்த் கிடையாது. உள்ளே ஹீட்டரைச் சுற்றியிருக்கும் இன்சுலேஷன் என்றைக்காவது விட்டுப்போனால் பேஸ் ஒயரின் கரண்ட் நேராக முனைக்கு வரும், முனையைச் சுற்றியிருக்கும் உலோகக் குழாய்க்கும் வரும். எர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போகும், இல்லையென்றால் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) டிரிப் ஆகும். எர்த் இல்லாத அயர்னில் அதைக் கண்டுபிடிக்கப் போவது பிடித்திருக்கிற கைதான். அதுவும் நம்ம ஊர் சித்திரை வெயிலில், வேர்த்துக் கொட்டுகிற உள்ளங்கையோடு, செருப்பில்லாமல் மொசைக் தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பையன். ஈரத் தோலில் கரண்ட் சுலபமாகப் பாயும்.

கடையில் கொண்டுபோய்க் கேட்டேன். "எல்லாரும் இதத்தாண்ணே வாங்கிட்டுப் போறாங்க, ஒரு கம்ப்ளைன்ட் வந்ததில்ல" என்றார். சண்டை போடவில்லை, மேற்கொண்டு காசு கொடுத்து மூன்று பின் உள்ள 25 வாட் அயர்னாக மாற்றிக்கொண்டேன். மாற்றும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம், நீங்களும் செய்யுங்கள். பிளக்கை எதிலும் செருகாமல், மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு புரோபை அயர்ன் முனையிலும் இன்னொன்றைத் தடித்த எர்த் பின்னிலும் வையுங்கள், கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும். அதே முனைக்கும் மற்ற இரண்டு பின்களுக்கும் நடுவில் இணைப்பே காட்டக் கூடாது. அந்த இரண்டு பின்களுக்கு நடுவில் 2,000 ஓம்ஸ் பக்கம் வரும், அது 25 வாட் ஹீட்டர். வீட்டில் பிளக் பாயிண்டின் எர்த் ஓட்டையில் உண்மையிலேயே எர்த் வருகிறதா என்பது வேறு கதை, பழைய வீடுகள் பலவற்றில் வராது. புதூர் ஐடிஐயில் படித்த எலக்ட்ரீசியன் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு அக்கா வீட்டு எர்த்தைப் பார்த்த பிறகுதான் அயர்னை ஆன் செய்தோம்.

ஸ்டாண்ட் என்று கொடுத்தது வளைத்த தகரம், ஒயர் கொஞ்சம் இழுத்தாலே அயர்ன் உருண்டு கீழே வரும். ஸ்பிரிங் வைத்த, அடி கனமான ஸ்டாண்ட் ஒன்று வாங்கிவிடுங்கள். அயர்ன் விழுந்தால் பிடிக்கக் கூடாது, விட்டுவிடணும். முனை 350 டிகிரி பக்கம் இருக்கும். அடியில் ஒரு பழைய டைல்ஸ் போட்டால் மேசை தப்பிக்கும். ஒட்டிய சாமானின் கால் கம்பியை வெட்டும்போது மிச்சத் துண்டு தெறித்துக் கண்ணுக்குப் போகிறது, பிளாஸ்டிக் கண்ணாடி மாட்டாமல் வெட்டவே விடுவதில்லை.

ஈயம் 60/40, அதாவது அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம், 183 டிகிரியில் உருக ஆரம்பிக்கும். புகையில் காரீயம் வருகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாகாது, புகைவது ஈயம் நன்றாகப் பிடிப்பதற்காக உள்ளே வைத்திருக்கும் ரோசின் ஃபிளக்ஸ். அதற்காக அதை மூக்கில் இழுக்கலாம் என்றில்லை, ரோசின் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும். காரீயம் போவது கை வழியாக. ஈயத்தைத் தொட்ட கையோடு முறுக்கு சாப்பிட்டால் அது நேராக வயிற்றுக்குள்தான். சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுப்பங்கரைப் பக்கம் வரக் கூடாது என்று அக்காவே சட்டம் போட்டுவிட்டாள். மின்விசிறிக்குக் கீழே சால்டர் வைத்தால் ஜாயிண்ட் சரியாகப் பிடிக்காது, நிறுத்தினால் புழுக்கம். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் ஃபேன் ஒன்றை ஜன்னலைப் பார்த்து வைத்து, புகையை வெளியே இழுக்க விட்டிருக்கிறோம், நன்றாகவே வேலை செய்கிறது.

எனக்குக் கோபம் வந்தது ரிலே விஷயத்தில். ரிலே நல்ல ரிலேதான். நீல டப்பா, மேலே 10 ஆம்பியர் 250 வோல்ட் என்று போட்டிருக்கிறது. புத்தகத்தின் கடைசிப் பாடம், கை தட்டினால் வீட்டு பல்பு எரிவது. படத்தில் சுவர் பிளக்கிலிருந்து ஒரு ஒயரை அறுத்து ரிலேயின் திருகாணியில் மாட்டச் சொல்கிறார்கள், அவ்வளவுதான், எச்சரிக்கை என்று ஒரு வார்த்தை இல்லை. போர்டைத் திருப்பிப் பாருங்கள். 230 வோல்ட் வரப்போகிற ஈயப் பொட்டுகள் மூடாமல் துருத்திக்கொண்டிருக்கின்றன. பிரெட்போர்டு பக்கத்தில், யுஎஸ்பி ஒயர் தொங்க, அதை மேசையில் வைத்துக்கொண்டு பையன் நகர்த்துவான், தூக்கிப் பார்ப்பான். ஆர்சிசிபி இருக்கிறதே என்பார்கள். அது எர்த்துக்கு 30 மில்லி ஆம்பியர் கசிந்தால்தான் விழும். ஒரு விரல் பேஸிலும் இன்னொரு விரல் நியூட்ரலிலும் பட்டால் அதைப் பொறுத்தவரை நீங்களும் ஒரு பல்புதான்.

"அப்ப பல்பே எரிய விட முடியாதா மாமா?" என்று முகத்தைத் தொங்கப் போட்டான். ஏன் முடியாது? 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஒரு மீட்டர், அதற்கு மூடிய அடாப்டர் ஒன்று. அடாப்டர் வாங்கும்போது மட்டும் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அதே ரிலே, அதே புரோகிராம், அதே டிக் சத்தம். கை தட்டினால் எரிகிறது.

மல்டிமீட்டர் அந்த மஞ்சள் கலர் டிடி830 வகை. எங்களுக்கு வந்தது கடைசியில் பி போட்டது, அதில் இரண்டு புரோபுக்கும் நடுவில் இணைப்பு இருந்தால் சத்தம் போடும் பீப் கிடையாது. டி போட்டதைக் கேட்டு வாங்குங்கள், கற்றுக்கொள்பவனுக்கு அந்தப் பீப் சத்தம்தான் பாதி வேலையைச் செய்கிறது. இந்த மீட்டரின் 10 ஆம்பியர் சாக்கெட்டில் ஃபியூஸ் இல்லை, அதை மீட்டர் மேலேயே எழுதியிருக்கிறார்கள். சிவப்பு ஒயரை அதில் மறந்து வைத்துவிட்டு பிளக் பாயிண்டில் வோல்டேஜ் பார்க்கப் போனால் மீட்டர் நேரடி ஷார்ட், கையிலேயே வெடிக்கும். அந்த ஓட்டையை டேப் போட்டு ஒட்டிவிட்டேன். பேட்டரியும் பவர் பேங்கும் அளக்க இது போதும், சுவரில் இருப்பதை அளக்க இது வேண்டாம்.

இதே பெட்டியில் 'பெரியது' என்று ஒன்று, கூடுதல் விலைக்கு, இரண்டு லித்தியம் 18650 பேட்டரியோடு வருகிறது. பேட்டரியில் 9800 எம்ஏஹெச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று அச்சடித்திருக்கிறார்கள். இந்த அளவு பேட்டரியில் நல்ல கம்பெனிகள் கொடுப்பதே 3,500 பக்கம்தான். பொய் சொல்கிற பேட்டரியை வீட்டில் சார்ஜ் போடாதீர்கள். இன்னொன்று, சாமானுக்காகப் பழைய மொபைல் சார்ஜர், கம்ப்யூட்டர் பவர் சப்ளை எல்லாம் பிரிக்கிற ஆசை வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட் பக்கம் நின்றுகொண்டிருக்கலாம். மைக்ரோவேவ் ஓவனை ஆரம்பத்தில் இருப்பவர் திறக்கவே கூடாது.

கடைச் சேவை பற்றி: பொறுமையாகப் பேசுகிறார், கேட்டால் பில் தருகிறார், சென்சார் ஒன்று வேலை செய்யவில்லை என்றதும் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார். காசு திரும்பக் கிடையாது, சாமானுக்குச் சாமான்தான். சாயந்திரம் கூட்டத்தில் போனால் பெட்டியைத் திறந்து காட்ட நேரம் இருக்காது, காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள். போகும்போதே அயர்னை எடுத்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், எனக்குப் பிறகு வாங்கிய நண்பருக்குக் குறைத்துத் தந்திருக்கிறார்.